லைன் வியட்நாமுக்குப் போனால் இங்கே திறன் கூடிவிடுமா?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சுங்கை பாக்காப்பிலிருந்து எழுதும் ஒரு தங்கச்சி. பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறார். அவருடைய கம்பெனி இரண்டு உற்பத்தி லைன்களை வியட்நாமுக்கு மாற்றிவிட்டது. ஆபரேட்டர்கள் பலருக்கு வேலை போனது. அப்புறம் நடந்த கூட்டத்தில் மேலாளர் ஒரு வரைபடத்தைப் போட்டுக்காட்டி, "நம் ஆலையின் ஸ்கில் மிக்ஸ் உயர்ந்திருக்கிறது" என்றாராம். "அக்கா, போனவர்கள் போய்விட்டார்கள், இருப்பவர்கள் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அப்படியானால் உயர்ந்தது எது? எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த என் தம்பி பேக்டரிப் பக்கம் போகலாமா, வேண்டாமா?" என்பது அவர் கேள்வி.

நான் 1983இல் பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் ஆபரேட்டராகச் சேர்ந்து, டெக்னீஷியனாகி, பயிற்சிப் பிரிவில் ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வி பல வருடங்களாக என் மனதிலும் கிடக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்கில் மிக்ஸ் என்று அவர்கள் சொல்வது ஒரு விகிதம்தான். மொத்த ஆட்களில் டெக்னீஷியன், இன்ஜினியர் மாதிரி பயிற்சி தேவைப்படும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஓர் ஆலையில் 500 பேர் என்று வையுங்கள். 400 ஆபரேட்டர்கள், 60 டெக்னீஷியன்கள், 40 இன்ஜினியர்கள். திறன் உள்ளவர்கள் 100 பேர், அதாவது 20 விழுக்காடு. இப்போது 200 ஆபரேட்டர்களின் வேலை வெளிநாடு போகிறது. மீதி 300 பேரில் அதே 100 பேர். விகிதம் 33 விழுக்காடு ஆகிவிட்டது. யாரும் ஒரு புதிய வேலையைக்கூடக் கற்கவில்லை. கீழே இருந்தவர்களைக் கழித்ததும் சராசரி தானாக ஏறிவிட்டது. உங்கள் மேலாளர் காட்டிய எண் பொய்யாக இருக்காது. ஆனால் அந்த எண்ணை வைத்து, இருக்கும் ஆட்களின் திறன் வளர்ந்தது என்று சொல்ல முடியாது.

சரி, வெளிநாட்டுக்கு வேலையை அனுப்புவதால் நடப்பது இந்தக் கழித்தல் மட்டும்தானா என்றால், இல்லை. உண்மையான மாற்றமும் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் பினாங்கைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் நாம் இரண்டு பக்கமும் நின்றவர்கள். 50 வருடங்களுக்கு முன் அமெரிக்காவும் ஜப்பானும் அனுப்பிய வேலை இங்கே வந்து இறங்கியது. இப்போது நாம் அனுப்புகிறோம்.

1969இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையில்லாமல் இளைஞர்கள் திண்டாடிய காலம் அது. அப்போது முதலமைச்சராக வந்த துன் லிம் சொங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளைத் தேடிப்போய் அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை இன்றும் எட்டு சாமுராய்கள் என்றுதான் ஊரில் சொல்வார்கள். இன்டெலுக்கு அமெரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் ஆலை.

அமெரிக்காவில் சில்லை (சிப்) வடிவமைத்தார்கள், சில்கள் பதிந்த வேஃபர் என்ற சிலிக்கன் தகட்டைச் செய்தார்கள். வெட்டி, ஒட்டி, கம்பி இணைத்து, மூடி அனுப்பும் வேலைதான் இங்கே வந்தது. அங்கே அது அடிமட்ட வேலை. பட்டர்வொர்த் பக்கத்திலும் தோட்டங்களிலும் இருந்து வந்த பெண்களுக்கு அது அதுவரை பார்த்தே இராத வேலை. நான் சேர்ந்தபோது பினாங்குப் பாலம் இல்லை, அது 1985இல்தான் திறந்தது. விடியற்காலையில் பேக்டரி பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு வரும். பஸ்ஸோடு ஃபெரியில் ஏறி அந்தப் பக்கம் போவோம். பால்வெட்டுக்குப் போன அம்மா வீட்டுக்கு வருவதற்குள் நான் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. அதைச் சில்லின் ஒரு சதுரத்தில் ஒட்டி, வளைத்து, சில்லைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் காலில் ஒட்ட வேண்டும்.

இங்கேதான் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் ஒரு விஷயம் வருகிறது. ராபர்ட் ஃபீன்ஸ்ட்ரா, கோர்டன் ஹான்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1990களில் இதை எழுதினார்கள். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு பொருளைச் செய்ய 10 வேலைகள் இருக்கின்றன, தேவைப்படும் திறனை வைத்து 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துங்கள். 4 முதல் 10 வரை அமெரிக்காவில் நடக்கிறது, சராசரி 7. 1 முதல் 3 வரை பினாங்கில், சராசரி 2. இப்போது நாலாம் எண் வேலையை இங்கே அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் மிஞ்சுவது 5 முதல் 10, சராசரி 7.5. பினாங்கில் இப்போது 1 முதல் 4, சராசரி 2.5. அனுப்பிய இடத்திலும் திறன் தேவை ஏறுகிறது, வாங்கிய இடத்திலும் ஏறுகிறது. அங்கே கடைசியில் நின்ற வேலை இங்கே வந்ததும் முதலிடத்தில் நிற்கிறது. மெக்சிகோ எல்லையோரத் தொழிற்சாலைகளை வைத்து அவர்கள் இதைக் காட்டினார்கள். அங்கே வெளிநாட்டு முதலீடு அதிகம் வந்த பகுதிகளில் திறனுள்ளவர்களின் சம்பளம் மற்றவர்களின் சம்பளத்தைவிட வேகமாக ஏறியது.

அதே இருவர் அமெரிக்கப் பக்கத்தையும் அளந்தார்கள். 1979 முதல் 1990 வரை உற்பத்தியில் நேரடியாக இல்லாதவர்களின் ஒப்பீட்டுச் சம்பளம் ஏறியதில் சுமார் 15 விழுக்காடு வெளியே வேலை கொடுத்ததால், சுமார் 35 விழுக்காடு கணினிகளால் என்று கணக்கிட்டார்கள். எல்லாப் பழியையும் வெளிநாட்டின் மேல் போடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் செய்த மாற்றம் பெரியது.

ஜப்பான் கம்பெனிகளைப் பற்றி கீத் ஹெட், ஜான் ரைஸ் என்ற இருவர் 2002இல் எழுதியதும் நமக்கு நெருக்கமானது. வெளிநாட்டில் ஆலை வைத்த ஜப்பான் கம்பெனிகளில், தாய்நாட்டு ஆலையின் திறன் பங்கு கூடியிருக்கிறது. ஆனால் அது ஆலை வைத்த நாடு ஏழை நாடாக இருக்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. பணக்கார நாட்டில் வைத்தால் அந்த விளைவு மங்கிவிடுகிறது. ஆக, எந்த நாட்டுக்கு, எந்த வேலையை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே நடப்பதும் இருக்கும்.

இந்த ஆய்வுகளில் பலவற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. திறனை அளக்கப் பெரும்பாலும் உற்பத்தி ஊழியர், உற்பத்தி அல்லாத ஊழியர் என்ற பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். கிடைக்கும் புள்ளிவிவரம் அப்படி இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆலைக்குள் இருந்தவளுக்கு இது எவ்வளவு முரட்டுக் கணக்கு என்று தெரியும். இந்தப் பிரிவின்படி அலுவலகத்தில் ஃபைல் அடுக்குபவர் திறனுள்ளவர் பக்கம் வருவார். மைக்ரான் கணக்கில் அச்சு செதுக்கும் டூல் மேக்கர் உற்பத்தி ஊழியர் என்பதால் மறுபக்கம் போய்விடுவார். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஏஜென்ட் மூலம் வரும் ஆட்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் வராமலே லைனில் நிற்பார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எந்த லைனும் வெளிநாட்டுக்குப் போகாமலே ஸ்கில் மிக்ஸ் உயர்ந்துவிடும். மனிதவளப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த வேலை கிளம்பும் என்ற கேள்வி. சம்பளம் குறைந்த வேலை போகும், கூடிய வேலை தங்கும் என்று நினைப்பது பாதி உண்மைதான். எழுதிக் கொடுத்துவிடக்கூடிய வேலைதான் முதலில் கிளம்பும். எஸ்.ஓ.பி. என்ற செய்முறைத் தாளில் படிப்படியாக எழுதி, படம் போட்டு, வேறு ஊரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அவர் அப்படியே செய்துவிட முடியும் என்றால், அந்த வேலைக்கு ஊர் முக்கியமில்லை. அது டிப்ளோமா வேலையாகவும் இருக்கலாம், டிகிரி வேலையாகவும் இருக்கலாம். ஜெர்மன் பன்னாட்டுக் கம்பெனிகளை ஆராய்ந்த பெக்கர், எக்ஹோம், முயன்ட்லர் ஆகியோர் 2013இல் இதைத்தான் சொன்னார்கள். வெளிநாட்டில் ஆட்கள் கூடும்போது, தாய் ஆலையில் வழக்கமல்லாத வேலையும், பிறரோடு பேசிச் செய்யும் வேலையும் கூடுகின்றன. ஒரே படிப்பு படித்தவர்களுக்குள்ளேயே இந்த மாற்றம் தெரிகிறது. அளவில் அது பெரிதல்ல, மெல்ல நடக்கும் மாற்றம்.

எழுதிக் கொடுக்க முடியாத வேலை எது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு மெஷினில் கம்பி ஒட்டாமல் கழன்று வந்துகொண்டிருந்தது. புல் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. சிறு கொக்கியால் கம்பியை இழுத்து, எத்தனை கிராம் எடையில் அறுகிறது என்று பார்ப்பார்கள். எண் விழுந்துகொண்டே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் அழுத்தத்தைக் கூட்டினார், வெப்பத்தைக் கூட்டினார், கேபில்லரியை மாற்றினார். கேபில்லரி என்பது தங்கக் கம்பி நுழைந்து வரும் பீங்கான் ஊசி. மூன்று நாளாகியும் சரியாகவில்லை. அந்த மெஷினில் உட்கார்ந்தவள் நான். கழன்று வருபவை எல்லாம் சட்டத்தின் ஒரே மூலையில் இருப்பதை நான் கவனித்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அந்த மூலை மட்டும் ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் மிக லேசாக நடுங்கும். கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் தெரியும். என் பக்கத்து மெஷின் டெக்னீஷியனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மூலை தேய்ந்திருந்தது. தகட்டை மாற்றினார், எண் ஏறிவிட்டது.

அவர் என் பெயரைச் சொல்லித்தான் ரிப்போர்ட் எழுதினார். அதற்குப் பிறகுதான் என்னை டெக்னீஷியன் பயிற்சிக்குப் பார்த்தார்கள். 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கிய பிறகு அங்கேயும் படித்தேன். மாநில அரசும் தொழிற்சாலைகளும் சேர்ந்து நடத்தும் மையம் அது. ஒரு கம்பெனி தனியாகச் செய்ய முடியாத பயிற்சியைப் பல கம்பெனிகள் கூட்டாகச் செய்தன. வாங்கிய வேலையோடு நின்றுவிடாமல் பினாங்கு மேலே ஏறியதற்கு அந்த மையம் ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1985இல் மந்தம் வந்தபோது என் ஆலையிலும் ஆள் குறைத்தார்கள். அதன் பிறகு தானியங்கி மெஷின்கள் வந்தன. என் வரிசையில் கையால் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்த இடத்தில், ஒருவர் பல மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நிலை வந்தது. அந்த வருடத்து ஸ்கில் மிக்ஸும் நிச்சயம் உயர்ந்திருக்கும். என்னோடு ஃபெரியில் வந்த பெண்களில் நான் மேலே போனேன். பலர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களும் என்னைப் போலவே அந்த மூலை நடுங்குவதைப் பார்க்கக்கூடியவர்கள்தான். கேட்பதற்கு ஆள் இருந்ததும், பயிற்சிக்கு இடம் இருந்ததும் எனக்கு வாய்த்தன, அவர்களுக்கு வாய்க்கவில்லை. விகிதம் ஏறும் கதையை யார் சொன்னாலும் எனக்கு அவர்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

பினாங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1970களில் பொருத்தும் வேலை, அப்புறம் சோதிக்கும் வேலை, 1990களில் சில் வடிவமைப்பு என்று வேலை மாறியது. 2000இல் ஹியூலெட் பேக்கார்டிலிருந்து வந்த பொறியாளர்கள் தொடங்கிய விட்ரோக்ஸ் இன்று கேமராவால் சில்லையும் சர்க்யூட் போர்டையும் சோதிக்கும் மெஷின்களைச் செய்து விற்கிறது. நாங்கள் மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கப் பார்த்த வேலையைச் செய்யும் மெஷின் நம் பினாங்கிலேயே பிறக்கிறது. உலகில் நடக்கும் சில் பொருத்துதல், சோதனை வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்கிறார்கள். இன்டெல் 2010இல் ஹோ சி மின் நகரில் பெரிய ஆலையைத் திறந்தது. அதனால் பினாங்கு காலியாகிவிடவில்லை. 2021 டிசம்பரில் அதே கம்பெனி மலேசியாவில் 30 பில்லியன் ரிங்கிட் முதலீடு என்று அறிவித்தது. ஒரு இடத்துக்கு வேலை போனால் இன்னொரு இடம் செத்துவிடும் என்ற பயம் இந்த ஊரில் பலமுறை பொய்யாகியிருக்கிறது.

ஆனால் ஊர் பிழைத்தது என்பதால் ஒவ்வொரு ஆளும் பிழைத்தார் என்று ஆகிவிடாது. இதை டென்மார்க் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஹம்மல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு தொழிலாளியையும் அவர் வேலை செய்த கம்பெனியோடு சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2014இல் வெளியிட்டார்கள். கம்பெனி வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பும்போது, அதிகம் படித்தவர்களின் சம்பளம் ஏறுகிறது, குறைவாகப் படித்தவர்களின் சம்பளம் இறங்குகிறது. அதே கம்பெனியின் ஏற்றுமதி கூடினால் எல்லாருடைய சம்பளமும் ஏறுகிறது. உங்கள் ஆலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். லைனை அனுப்பியதால் மிச்சமான பணத்தில் இங்கே புதிய பொருள், புதிய வாடிக்கையாளர் வந்தார்களா? வந்திருந்தால் நல்லது. ஆட்களைக் குறைத்ததோடு கதை முடிந்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

எனக்குப் பெரிய கவலை ஏணி பற்றியது. ஆபரேட்டர் வேலை முழுவதும் போய்விட்டால், ஆபரேட்டரிலிருந்து டெக்னீஷியன் ஆகும் வழியும் போய்விடும். நாளைய டெக்னீஷியன் மெஷினைத் தொட்டுப் பார்க்காமலே கல்லூரியிலிருந்து நேராக வருவார். கெட்டிக்காரராகத்தான் இருப்பார். ஆனால் அந்த மூலை நடுங்குவதைப் பார்க்க ஆறு மாதம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு நாற்காலியே இருக்காது. 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நல்ல இலக்கு, நடக்க வேண்டும். ஒவ்வொரு பொறியாளருக்கும் பக்கத்தில் நிற்க எத்தனை டெக்னீஷியன்கள் வேண்டும் என்றும் அதே மூச்சில் பேசியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. அந்தச் சம்பளத்தில் வெறும் கை வேலைக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் இன்னும் லைன்களை அனுப்பும். அதைத் தடுக்கப் பார்ப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. அனுப்புவதற்கு முன்னால் அந்த லைனில் இருப்பவர்களில் யாரை மேலே ஏற்றலாம் என்று ஒரு வருடம் முன்பே பார்க்கத் தொடங்க வேண்டும்.

இப்போது தம்பி விஷயம். பேக்டரிப் பக்கம் போகட்டும், ஆனால் ஆபரேட்டராக நேரே நுழைந்து மேலே வரலாம் என்று நம்பிப் போக வேண்டாம். என் காலத்தில் திறந்திருந்த அந்தக் கதவு இப்போது பெரும்பாலும் சாத்திக் கிடக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, நிபோங் தெபாலில், ஆறுமுகம் பிள்ளை பெயரில் தொழில் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பெர்மாத்தாங் பாவ்வில் பொலிடெக்னிக் இருக்கிறது. மின்னியலும் இயந்திரமும் சேர்ந்த படிப்பாக இருந்தால் நல்லது. மெஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. நிரல் எழுதவும், கேமரா சோதனை மெஷினைச் சரிசெய்யவும், மெஷின் கொட்டும் எண்களை எக்செல்லில் போட்டு எங்கே கோளாறு என்று படிக்கவும் கற்கட்டும். இங்கிலீஷில் பேசத் தயங்காமல் இருக்கட்டும். லைன் வியட்நாமுக்குப் போனால் அங்கே போய்ச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும், இரவில் அங்கிருந்து போன் வந்தால் பதில் சொல்லவும் அவரே வேண்டும். அந்த ஆளாக அவன் இருக்கலாம்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "மெஷின் நின்றுவிட்டால் இங்கே யார் திறப்பார்கள்?" எங்கள் டெக்னீஷியன்தான் என்றால் அந்த ஆலையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். மெஷின் விற்றவரைக் கூப்பிடுவோம், அதுவரை காத்திருப்போம் என்றால், சம்பளம் 200 வெள்ளி கூட இருந்தாலும் நான் இன்னொரு இடம் பார்க்கச் சொல்வேன்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன், தங்கச்சி. நீங்கள் மனிதவளப் பிரிவில் இருப்பதால் பழைய பதிவேடுகள் உங்கள் கைக்கு எட்டும். ஐந்து வருடங்களுக்கு முன் ஆபரேட்டராக இருந்தவர்களின் பட்டியலை எடுங்கள். இன்று அவர்களில் எத்தனை பேர் டெக்னீஷியன், எத்தனை பேர் அதே இடம், எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று மூன்று பத்தியில் எழுதுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த கூட்டத்தில் மேலாளர் அந்த வரைபடத்தைப் போடும்போது, மரியாதையாக, இந்த மூன்று பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.